பெரிய கோயில் நாணயம் என்று வாங்கினேன், வந்தது 31 கிராம் பித்தளை

அப்பாவுக்குச் சதாபிஷேகம். ஆயிரம் பிறை கண்டவருக்கு என்ன வாங்கித் தருவது? வேட்டி, சால்வை, வெள்ளிக் கிண்ணம் எல்லாம் ஆளுக்கொன்றாக வந்து குவியும். அண்ணன் மோதிரம் என்று முடிவு செய்துவிட்டான். நான் பல நாள் யோசித்து, தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு மத்திய அரசு வெளியிட்ட ஆயிரம் ரூபாய் வெள்ளி நாணயத்தைத் தேடிப் பிடிப்பது என்று கிளம்பினேன். ஆயிரம் பிறை, ஆயிரம் ஆண்டு, ஆயிரம் ரூபாய். சொல்லிப் பார்க்கவே நன்றாக இருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. அப்பா தஞ்சாவூர் மேலவீதியில் வளர்ந்தவர், வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 1954-இல் வந்த பெரிய ஆயிரம் ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் பெரிய கோயில் படம் இருக்கும். 1978 ஜனவரியில் அந்த நோட்டு செல்லாது என்று அறிவித்தபோது அப்பா கவுண்டரில் உட்கார்ந்திருந்தார். "நம்ம கோயில் போட்ட நோட்டை நானே வாங்கி உள்ளே வெச்சேன்" என்று இன்றும் சொல்வார். 2010 செப்டம்பரில் ஆயிரமாண்டு விழா நடந்தபோது, ஆயிரம் பேர் ஒன்றாகப் பரதநாட்டியம் ஆடியதைக் கூட்டத்தில் நின்று பார்த்துவிட்டுக் கால் வலியோடு வீட்டுக்கு வந்தார். அதே விழாவுக்காக வந்த ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று அவருடைய மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஆயிரம் ரூபாய் நாணயம்தான் இல்லை. இந்தியாவில் அந்த மதிப்பில் வந்த முதல் நாணயம் அது.

2024 ஆகஸ்டில் சென்னையில் கலைஞர் நூற்றாண்டு நூறு ரூபாய் நாணயம் வெளியானது நினைவிருக்கும். அப்போதிருந்து எங்கள் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் நாணயப் படங்களாகவே வந்துகொண்டிருந்தன. அப்படி யாரோ அனுப்பிய ஒரு முகநூல் பக்கத்தின் வழியாகத்தான் நான் போனேன். பெரிய கோயில் நாணயத்தின் படம் பளிச்சென்று இருந்தது. சிங்கத் தலை, ஆயிரம் ரூபாய் மதிப்பு எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. விலை 6,900. "ஒரிஜினலா?" என்று கேட்டேன். "கவர்மெண்ட் ஐட்டம் மேடம், சர்டிபிகேட்டோட வரும். கடைசி பீஸ். ரெண்டு பேர் கேட்டுட்டு இருக்காங்க." கடைசி பீஸ் என்றதும் ஜிபேயில் முழுத் தொகையும் அனுப்பிவிட்டேன். புடவைக் கடையில் இதே வார்த்தையைக் கேட்டால் சிரித்துக்கொண்டே எழுந்து வந்திருப்பேன்.

ஐந்தாம் நாள் பார்சல் வந்தது. சிவப்பு வெல்வெட் பெட்டி. உள்ளே வட்டப் பள்ளத்தில் நாணயம். கூடவே ஹோலோகிராம் ஒட்டிய கெட்டியான சான்றிதழ், அடியில் யாருடையதோ ஊதா மைக் கையெழுத்து. நான் சான்றிதழைத்தான் இரண்டு முறை படித்தேன். நாணயத்தைப் படிக்கவே இல்லை. அதற்கும் எழுத்து இருக்கிறது, அதையும் வாசிக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

திருக்கடையூரில் விழா முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்த நேரத்தில் அப்பா கையில் கொடுத்தேன். பெட்டியைத் திறந்தார், விரல் நுனியில் எடுத்தார், திருப்பினார், கட்டை விரல் நகத்தால் ஒரு தட்டு தட்டினார். என்னைப் பார்த்து "ரொம்ப நல்லாயிருக்கும்மா" என்றார். அது கை கையாக எல்லாரிடமும் போய் வந்தது. சித்தப்பா படம் எடுத்துக் குழுவில் போட்டார். முப்பது பேர் கைகூப்பினார்கள்.

மூன்று நாள் கழித்து, நான் ஊருக்குத் திரும்பப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எவ்வளவு கொடுத்தேம்மா?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சத்தம் சரியில்லையே" என்றார். அப்புறம் உள்ளே போய் அந்த ஐந்து ரூபாய் நாணயத்தையும் பூதக்கண்ணாடியையும் எடுத்து வந்தார்.

ஐந்து ரூபாய் நாணயத்தின் ஒரு பக்கம் அசோகர் தூணின் சிங்கங்கள், கீழே சத்யமேவ ஜயதே, மதிப்பு. நான் வாங்கியதைத் திருப்பினால் சிங்கம் இருந்த இடத்தில் தாமரை. பெரிதாக 1000 என்று இருந்தது, சரி. அதற்குக் கீழே ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் இருந்தது ரூபாய் இல்லை, வருடங்கள். ஆயிரம் வருடங்கள்! திருக்கடையூரில் அத்தனை பேர் கையில் சுற்றி வந்தும் யாரும் படிக்கவில்லை. அப்பா மட்டும் கையில் வாங்கிய அந்த நிமிடமே படித்துவிட்டிருக்கிறார். "எல்லார் முன்னாடியும் எப்படிச் சொல்றது" என்றார்.

சான்றிதழை அவரிடம் நீட்டினேன். அதில் இன்னொரு வேடிக்கை. "மெட்ராஸ் மின்ட்டில் அச்சடிக்கப்பட்டது" என்று போட்டிருந்தது. அப்பா சத்தமாகச் சிரித்துவிட்டார். சென்னை நாணயச்சாலையை வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1869-இல் மூடிவிட்டார்கள். இன்று மிச்சமிருப்பது தங்கசாலை என்ற தெருப் பெயர்தான். இப்போது அரசு நாணயம் அச்சடிப்பது மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு இடங்களில் மட்டுமே. ஹைதராபாத் நாணயத்தில் ஆண்டுக்குக் கீழே நட்சத்திரம் இருக்கும், நொய்டாவில் வட்டப் புள்ளி, மும்பையில் சாய்சதுரம். கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. இழுப்பறையில் இருந்த சில்லறையைக் கொட்டி அப்பா எனக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தார். 1995-இல் தஞ்சாவூர் உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த திருவள்ளுவர் நாணயம், அண்ணாவின் தமிழ்க் கையெழுத்து பொறித்த ஐந்து ரூபாய் எல்லாம் அதில் கிடந்தன. எல்லாம் முகமதிப்புக்கே அவர் கவுண்டரிலும் பேருந்திலும் கிடைத்தவை.

வெள்ளியாவது வெள்ளியா என்று பார்த்துவிடலாம் என்று, தெரிந்த பொற்கொல்லரிடம் எடுத்துப் போனோம். தராசில் 31.2 கிராம். அரசிதழ் அறிவிப்பின்படி உண்மையான ஆயிரம் ரூபாய் நாணயம் 35 கிராம், 44 மில்லிமீட்டர் விட்டம், 80 சதவீதம் வெள்ளி, 20 சதவீதம் செம்பு. எடை இடித்த பிறகும் மனசு கேட்கவில்லை. அவர் ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து, முள்ளைப் பூஜ்ஜியமாக்கி, நாணயத்தை நூலில் கட்டி அடியைத் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டார். 3.65 காட்டியது, நாணயம் விலக்கிய தண்ணீரின் எடை அது. 31.2-ஐ 3.65-ஆல் வகுத்தால் 8.5 சொச்சம் வரும், அதுதான் உலோகத்தின் அடர்த்தி. 80 சதவீத வெள்ளியாக இருந்தால் பத்துக்கு மேல் வந்திருக்க வேண்டும். எட்டரை என்பது பித்தளைக் கணக்கு. பிறகு விளிம்பை உரைகல்லில் நாலு இழுப்பு இழுத்தார். முதல் கோடு வெள்ளை, நாலாவது கோடு மஞ்சள். "முலாம்மா" என்றார். காசு வாங்கிக்கொள்ளவில்லை.

விற்றவருக்குப் போன் செய்தேன். முதல் நாள் மரியாதையாகத்தான் பேசினார். "உரசிட்டீங்களா? உரசினா ரிட்டர்ன் எடுக்க முடியாது மேடம்." உரசாமல் எப்படித் தெரியும் என்றதற்குப் பதில் இல்லை. மறுநாள் பில்லைப் பாருங்கள் என்றார். பார்த்தேன். "மெடாலியன், சில்வர் ஃபினிஷ், 1 எண்ணம்." மெடாலியன் என்றால் பதக்கம். சில்வர் என்பதில் கண் நின்றுவிட்டது, ஃபினிஷ் என்பதைத் தாண்டிவிட்டேன். "நாங்க காயின்னு பில்லுல எங்கேயும் போடலியே" என்றார். படத்தில் இருந்தது அரசு நாணயம்தானே என்றதும், "அது ரெஃபரன்ஸ் இமேஜ்." மூன்றாம் நாள் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள்.

இந்த நாணயம், பதக்கம் வித்தியாசத்தில்தான் இவர்களுடைய பிழைப்பே ஓடுகிறது. மதிப்பு பொறித்த நாணயத்தை அரசு மட்டுமே வெளியிடலாம். அதைப் போலியாக அடித்தால் குற்றவியல் வழக்கு. பதக்கம் அப்படி இல்லை. பட்டறை வைத்திருக்கும் யாரும் அடிக்கலாம், கோயில், தலைவர், கிரிக்கெட் கோப்பை என்று எதை வேண்டுமானாலும் பொறிக்கலாம். அதில் தப்பும் இல்லை. பதக்கம் என்று சொல்லி விற்றால் யார் கேட்கப் போகிறார்கள்? பதக்கம் மட்டமான பொருளும் அல்ல. அப்பா வேலை பார்த்த கிளையில் ஒருமுறை ஒரு வயதான அம்மா, நகைக்கடனுக்கு முதல் உலகப் போர் வெள்ளிப் பதக்கம் ஒன்றைக் கொண்டுவந்தாராம். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ், மறுபக்கம் குதிரை வீரனும் 1914, 1918 என்ற ஆண்டுகளும். விளிம்பைச் சுற்றி அவருடைய மாமனாரின் பட்டாள எண்ணும் பேரும். அந்தப் பதக்கங்களில் வாங்கியவர் பேரை விளிம்பில் பொறித்தே கொடுத்தார்கள். மேலாளர் அதை அடகுக்கு எடுக்க வேண்டாம் என்று சொல்லி வேறு வழியில் உதவி செய்திருக்கிறார். எனக்கு வந்த பித்தளையின் விளிம்பில் அச்சுப் பிசிறு தவிர ஒன்றும் இல்லை.

கதை இத்தோடு முடியவில்லை. அந்தப் பக்கத்தின் கீழே கோபத்தில் நாலு வரி எழுதியிருந்தேன். இரண்டு நாளில் வேறொரு எண்ணிலிருந்து அழைப்பு. "உங்ககிட்ட பழைய நாணயம் எல்லாம் இருக்குன்னு கேள்விப்பட்டோம். திருவள்ளுவர் அஞ்சு ரூபா இருக்கா? ரெண்டு லட்சம் தர்றோம். வைஷ்ணோ தேவி நாணயம் இருந்தா பத்து லட்சம்." பேச்சில் அவ்வளவு பணிவு. ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட கடிதம் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. விற்பனைப் பதிவுக் கட்டணம் 2,150 ரூபாய் கட்டினால் மறுநாளே ஆள் வருவார் என்றார்கள்.

ஒரு நிமிடம் சபலம் தட்டியது, மறைக்க மாட்டேன். போன 6,900-ஐ எப்படியாவது எடுத்துவிட வேண்டும் என்ற வெறி வேறு. அப்பாவிடம் சொன்னேன். "ரிசர்வ் பேங்க் காசை விக்கிறவன்கிட்ட கமிஷன் கேக்குமா?" என்று கேட்டு வைத்துவிட்டார். 2021 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் அது ஈடுபடுவதில்லை, எந்தக் கட்டணமும் கமிஷனும் கேட்பதில்லை, அதன் பெயரில் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. முதலில் ஏமாந்தவர்களின் பட்டியல்தான் இரண்டாவது ஆட்களுக்குப் போகிறது என்பது என் சந்தேகம்.

நினைவு நாணயம் வாங்க நினைப்பவர்கள் நான் செய்யாததைச் செய்யுங்கள். நாணயச்சாலைகளை நடத்தும் அரசு நிறுவனமான எஸ்பிஎம்சிஐஎல் தன் இணையதளத்திலேயே முன்பதிவு எடுத்து வீட்டுக்கு அனுப்புகிறது. அங்கே தீர்ந்துபோன பழைய வெளியீடு என்றால், கடை வைத்திருக்கும் நாணய வியாபாரியிடம் நேரில் போய், தராசில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். ஒவ்வொரு நினைவு நாணயத்துக்கும் உலோகம், எடை, விட்டம், விளிம்பு வரிகளின் எண்ணிக்கை வரை அரசிதழில் அறிவிப்பு உண்டு. 2023-இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு வந்த 75 ரூபாய் நாணயம் 35 கிராம், அதில் பாதிதான் வெள்ளி. இதைத் தெரிந்துகொண்டு போனால், "சுத்த வெள்ளி" என்று சொல்பவர் வாயைத் திறந்ததுமே பிடிபட்டுவிடுவார். பில்லில் நாணயம் என்று எழுதி வாங்குங்கள். சான்றிதழ்க் காகிதம் எந்த அச்சகத்திலும் கிடைக்கும்.

பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். நான் சந்தேகம் தீர்வதற்கே பத்து நாள் கழித்துவிட்டதால் பணத்தை நிறுத்த வழியில்லாமல் போனது. புகார் எண் கையில் இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிந்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை.

பேரை இங்கே போட்டுப் பயனில்லை. போன வாரம் பார்த்தேன், பக்கம் வேறு பெயரில் திரும்ப வந்திருக்கிறது. படம் மட்டும் மாறவில்லை. சிவப்பு வெல்வெட் பெட்டி, மூடியின் வலது மூலையில் துணி கொஞ்சம் கிழிந்திருக்கும், பின்னால் மரச் சாயலில் ஒரு பிளாஸ்டிக் மேசை விரிப்பு. அந்தப் பெட்டியைப் பார்த்தால் நகர்ந்துவிடுங்கள். இப்போதும் அது கடைசி பீஸ் என்றுதான் போட்டிருக்கிறார்கள்.