தூளியும் ஸ்பிரிங் தொட்டிலும்: இரண்டு குழந்தைகளுக்குப் பயன்படுத்திப் பார்த்ததில்

என் மகள் 2018 ஆகஸ்டில் பிறந்தாள். மகன் 2021 டிசம்பரில். அவளுக்கு இருபது மாதம், அவனுக்குப் பதினான்கு மாதம் என்று கூட்டினால், ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் எங்கள் வீட்டில் ஏதோ ஒரு வகைத் தூளி தொங்கியிருக்கிறது. உத்திரத்தில் கட்டிய சேலைத் தூளி, இரும்புக் குழாய் ஸ்டாண்டில் மாட்டிய ஸ்பிரிங் தொட்டில், நாத்தனார் வீட்டிலிருந்து வந்த மோட்டார் தொட்டில், கடைசியாகக் கான்கிரீட் கூரையில் கொக்கி அடித்துக் கட்டிய தூளி என நான்கையும் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். கடைகளின் தளங்களில் இருக்கும் மதிப்புரைகள் பெரும்பாலும் பொருள் வந்து சேர்ந்த வாரத்திலேயே எழுதப்பட்டவை. தூளியின் குணமும் குற்றமும் குழந்தை ஆறு கிலோவைத் தாண்டிய பிறகுதான் தெரியத் தொடங்கும் என்பதால், அவற்றை நம்பி வாங்கியதில் எனக்குக் கொஞ்சம் பணம் போனது.

முதல் ஐந்து மாதங்கள் அருப்புக்கோட்டையில் அம்மா வீட்டில் இருந்தேன். பழைய வீடு, கூடத்துத் தேக்கு உத்திரத்தில் நான் பிறந்தபோது போட்ட இரும்பு வளையம் அப்படியே இருந்தது. பதினாறாம் நாள் அம்மா தன்னுடைய பழைய சுங்குடிச் சேலையை எடுத்து, இரண்டாக மடித்து வளையத்துக்குள் விட்டு, முந்தானையையும் உள்முனையையும் சேர்த்து முடிச்சிட்டார். "நூல் சேலைதான் கட்டணும்டி, வழுவழுன்னு இருக்கிறதக் கட்டுனா முடிச்சு நழுவிரும்" என்று சொல்லிக்கொண்டே, இரண்டு கைகளையும் தூளிக்குள் ஊன்றித் தன் எடை முழுவதையும் கொடுத்து மூன்று முறை அழுத்திப் பார்த்தார். அதன் பிறகுதான் குழந்தையைக் கேட்டார். பிறகு வந்த எந்தத் தொட்டிலிலும், கடைக்காரர் எத்தனை கிலோ தாங்கும் என்று சொல்லியிருந்தாலும், நான் இந்தச் சோதனையைச் செய்யாமல் பிள்ளையைப் போட்டதில்லை.

சேலைத் தூளியில் பலரும் விட்டுவிடுவது தொட்டில் கட்டையை. முழங்கை நீளத்துக்கு மேல் இருக்கும் அந்தக் கட்டையைக் குழந்தையின் தலைக்குச் சற்று மேலே, துணியின் இரு பக்கங்களுக்கும் நடுவே குறுக்காகக் கொடுத்தால் தூளி வாய் திறந்து நிற்கும், காற்று போகும், எந்தப் பக்கம் நின்றாலும் குழந்தையின் முகம் தெரியும். கட்டை இல்லாத தூளி பட்டாணிக்காய் போல மூடிக்கொள்ளும். கொசு வராது என்று சிலர் அதையே விரும்புகிறார்கள். முகம் தெரியாத தூளியில் கைக்குழந்தையைப் போடுவதை நான் ஏற்க மாட்டேன்.

உத்திரத்துத் தூளியில் என் மகள் பத்து நிமிடத்தில் தூங்கிவிடுவாள். அதே குழந்தை சென்னைக்கு வந்து ஸ்டாண்டுத் தொட்டிலில் அரை மணி நேரம் விழித்திருந்தபோதுதான் காரணத்தை யோசித்தேன். பள்ளியில் படித்த ஊசல் கணக்குதான் அது. கயிறு நீளமாக நீளமாக ஆட்டம் நிதானமாகும். இரண்டு மீட்டர் நீளத்தில் தொங்கும் தூளி ஒரு முறை போய்த் திரும்ப ஏறக்குறைய 2.8 விநாடி எடுக்கும். ஒரு மீட்டர் நீளத்தில் தொங்குவது இரண்டே விநாடியில் போய் வந்துவிடும். அந்த வித்தியாசம் ஆட்டுகிற கைக்கும் தெரிகிறது, உள்ளே இருப்பவருக்கும் தெரிகிறது. ஜெனீவாவில் நடந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு விநாடிக்கு ஒரு முறை என்ற கணக்கில் மெதுவாக ஆடும் கட்டிலில் பகலில் படுத்த பெரியவர்கள், ஆடாத கட்டிலில் படுத்தபோது இருந்ததைவிட விரைவாகத் தூங்கினார்கள். ஓட்டுவீட்டு உயரத்தில் கட்டிய தூளிகள் இந்த நிதானத்துக்கு நெருங்கி வருகின்றன. நாலடி ஸ்டாண்டால் அது முடியாது.

சென்னையில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் கூரையில் துளை போட உரிமையாளர் சம்மதிக்கவில்லை. அதனால் 2019 ஜனவரியில் 2,400 ரூபாய்க்கு மடக்கு ஸ்டாண்டும் ஸ்பிரிங்கும் துணித் தொட்டிலும் சேர்ந்த ஒரு செட் வாங்கினோம். அதன் நல்ல குணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்: குழந்தை உள்ளே லேசாகக் காலை உதைத்தாலே ஸ்பிரிங் மேலும் கீழும் அசைந்து, அந்த அசைவிலேயே அரைத்தூக்கத்திலிருந்து மறுபடி தூங்கிவிடும். தூளியில் நாம்தான் எழுந்து போக வேண்டும். அருப்புக்கோட்டையில் அம்மாச்சி தூளியில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கால் பெருவிரலில் சுற்றிக்கொண்டு, இழுத்தபடியே வெங்காயம் உரிப்பார். அந்தக் கலை எனக்குக் கைவரவில்லை, ஆகவே முதல் இரண்டு மாதம் ஸ்பிரிங்கைக் கொண்டாடினேன்.

பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. குழந்தை ஏழரை கிலோ ஆனபோது ஸ்பிரிங் இழுபட்டு, தொட்டிலின் அடிப்பகுதி தரையிலிருந்து நான்கு விரற்கடை உயரத்துக்கு வந்துவிட்டது. இரண்டாவது ஸ்பிரிங்கை இணையாக மாட்டினால் அது விறைத்துக்கொண்டு அசைய மறுத்தது. கடற்காற்று படும் வீடு என்பதால் ஓராண்டுக்குள் வளையங்களில் துரு பூத்து, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 'கிரீச்' என்று ஒரு சத்தம். தேங்காய் எண்ணெய் தடவினால் சத்தம் அடங்கியது, ஆனால் துருவும் எண்ணெயும் கலந்து பழுப்பாகக் குழந்தையின் சட்டையில் சொட்டியது. குனிந்து தூக்கும்போது என் தலைமுடி ஒரு முறை சுருளுக்குள் சிக்கியது. குழந்தையின் விரலாக இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்த அன்றே பழைய லுங்கித் துணியில் ஓர் உறை தைத்து ஸ்பிரிங்குக்குப் போட்டேன். விற்பவர்களே அதைச் செய்து தந்தால் என்ன என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. ஸ்டாண்டின் கால்களுக்கு மாட்டியிருந்த ரப்பர் மூடிகள் ஆறே மாதத்தில் தேய்ந்து போயின. அதற்குப் பிறகு வேகமாக ஆட்டினால் ஸ்டாண்டு டைல்ஸ் தரையில் நடக்க ஆரம்பித்தது.

மோட்டார் தொட்டிலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மூன்று வாரம் வைத்திருந்தோம். அது ஆட்டும்வரை குழந்தை தூங்கியது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு மின்சாரம் போன அதே நொடியில் விழித்து, இரண்டு மணிக்கு மின்சாரம் வரும்வரை எங்களையும் உட்காரவிடவில்லை. நாத்தனாருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

இனி, எங்கள் வீட்டில் அதிகம் சர்ச்சை ஆன விஷயம். மகளுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது தடுப்பூசிக்குப் போன இடத்தில் மருத்துவர், "பகலில் தூளியில் போடுங்கள், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்; இரவுப் படுக்கை மட்டும் சமமான பாயில், மல்லாக்க" என்றார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. மூன்று பிள்ளைகளைத் தூளியில் வளர்த்தவரிடம் அதைச் சொன்னால் எப்படிப் பிடிக்கும்? ஆனால் மருத்துவர் சொன்ன காரணம் எளிமையானது. கழுத்து நிற்காத குழந்தை வளைந்த துணியில் படுக்கும்போது தாடை நெஞ்சில் கவிழ்ந்தால் மூச்சுக்குழாய் குறுகும். அதை நிமிர்த்திக்கொள்ள அந்தக் குழந்தைக்குத் தெரியாது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022இல் புதுப்பித்த வழிகாட்டுதலும் சமமான, உறுதியான, சாய்வில்லாத படுக்கையைத்தான் சொல்கிறது. அதே ஆண்டில் அந்நாடு, பத்து டிகிரிக்கு மேல் சாய்வுள்ள குழந்தைப் படுக்கைகளை விற்கவே தடை விதித்துச் சட்டம் போட்டது. தூளியின் வளைவு அதைவிடப் பல மடங்கு. ஒளிக்காமல் சொல்கிறேன்: முதல் குழந்தையைத் தூக்கக் களைப்பில் நான்கு மாதம் இரவும் ஸ்பிரிங் தொட்டிலிலேயே விட்டேன், ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லை என்பதால் அது சரியாகிவிடாது என்று தோன்றியதால், மகனை ஓர் இரவுகூட அப்படி விடவில்லை. தூளியில் தூங்கவைத்து, கை கால் தளர்ந்ததும் பாய்க்கு மாற்றுவோம். ஐந்தில் இரண்டு முறை விழித்துக்கொள்வான். அந்தக் கணக்கைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது.

2021இல் தாம்பரம் பக்கம் சொந்த வீட்டுக்கு வந்துவிட்டதால், மகனுக்குக் கூரையிலேயே கொக்கி போட முடிந்தது. மின்விசிறிக்கான கொக்கியிலேயே கட்டிக்கொள்ளலாம் என்று எலக்ட்ரீஷியன் யோசனை சொன்னார். சுழலும் இறக்கைக்குக் கீழே குழந்தையா என்று என் கணவர் மறுத்துவிட்டார். தனியாகத் துளையிட்டு 10 மில்லிமீட்டர் ஆங்கர் போல்ட் கொக்கி மாட்டி, இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை அதில் ஓர் இரவு முழுவதும் தொங்கவிட்டுப் பார்த்தோம். ஒன்பதரை அடிக் கூரை என்பதால் பழைய நிதானமான ஆட்டம் திரும்பக் கிடைத்தது. சேலை கொக்கியில் உரசும் இடத்தில்தான் முதலில் நைந்து போகும். வாரத்துக்கு ஒரு முறை மடிப்பை ஒரு சாண் நகர்த்திக் கட்டினால் ஒரு சேலை ஆறு மாதம் வரும். ஈரம் ஆவதற்கும் மாற்றுவதற்கும் நான்கு சேலைகள் போதும், மழைக்காலம் வராதவரை. கார்த்திகை மாதத்தில் ஆறு சேலைகள் இருந்தும் ஹாலில் காய்ந்துகொண்டிருந்த துணிகளுக்கு நடுவேதான் நடமாடினோம்.

2022 மே மாதத்தில் ஒரு நாள் மதியம் நான் சமையலறையில் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தேன். மகன் அறையில் அவன் அப்பாவோடு இருந்தான். ஹாலில் பாடிக்கொண்டிருந்த மகளின் குரல் நின்றுவிட்டது. போய்ப் பார்த்தபோது, அப்போது மூன்றே முக்கால் வயதான அவள் தம்பியின் தூளிக்குள் ஏறி உட்கார்ந்து, காலால் தரையைத் தள்ளித் தள்ளிச் சுற்றியிருந்தாள். தலைக்கு மேல் துணி கயிறாக முறுக்கேறி, அவள் தோள்பட்டையை இறுக்கியிருந்தது. அழவும் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தாள். கணவர் ஓடி வந்து அவளை உயரத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, நான் முறுக்கைப் பிரித்தேன். ஆறு சுற்று. தூளியில் விளையாடிய பிள்ளைகள் கழுத்து இறுகி இறந்த செய்தி நம் நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது; அவற்றில் பலர் தூளியில் தூங்கும் வயதைக் கடந்த ஏழு, எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள். அதுவரை நான் அச்செய்திகளை, கவனிக்க ஆள் இல்லாத வீடுகளின் கதை என்றுதான் படித்திருந்தேன்.

"வெறுந்தூளிய ஆட்டாத, பிள்ளைக்கு வயிறு வலிக்கும்" என்று அம்மாச்சி எங்களைச் சிறுவயதில் அதட்டியது அன்று நினைவுக்கு வந்தது. பெரிய பிள்ளைகளைக் காலித் தூளியிலிருந்து விலக்கி வைக்கச் சொன்ன பயமுறுத்தல் அது என்று இப்போது நினைக்கிறேன். நான் அதை மகளிடம் அப்படியே சொன்னேன். கூடவே, குழந்தையைத் தூக்கிய கையோடு தூளியைச் சுருட்டிக் கொக்கிக்கருகே முடிந்துவிடும் பழக்கத்தையும் வைத்துக்கொண்டோம். ஐந்து விநாடி வேலை. விருந்தாளிகள் வந்த நாளிலும் விட்டதில்லை.

எப்போது நிறுத்துவது என்பதில் நான் முதல் முறை தவறு செய்தேன். மகளுக்கு இருபது மாதம், பதினொரு கிலோ, 2020 ஏப்ரல், ஊரடங்கு. ஸ்டாண்டு வளையத் தொடங்கிவிட்டதால் ஒரே நாளில் கழற்றிவிட்டு, "தொட்டில் துவைக்கப் போயிருச்சு" என்று சொன்னோம். நான்கு இரவுகள் அழுதாள். பக்கத்து வீட்டுக்காரர் காய்ச்சலா என்று கேட்டு ஃபோன் செய்தார். மகன் ஏழாம் மாதத்திலேயே துணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பாதி உடம்பை வெளியே நீட்டினான்; கீழே மடித்துப் போட்டிருந்த ஜமுக்காளத்தில் விழுந்ததால் அடி இல்லை. உட்காரவும் எழவும் தொடங்கிய குழந்தைக்கு ஆள் பிடித்துக்கொண்டிருக்காத தூளி உதவாது என்பது அதில் உறுதியாயிற்று. அதன் பிறகு பகல் தூக்கத்துக்கு ஒரு வேளை மட்டும், அதுவும் ஒரு கை தூளியில் இருக்கும்படி என்று குறைத்தோம். ஜப்பானின் ரைக்கென் ஆய்வு நிறுவனம் 2022இல் கைக்குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வொன்றில், அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்காமல் நடந்து, தூங்கியதும் ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியில் வைத்து உட்கார்ந்திருந்து, அதன் பிறகு படுக்க வைக்கும்படி சொல்லியிருந்தார்கள். நாங்கள் அவசரப்பட்டு இறக்கியதால்தான் ஐந்தில் இரண்டு முறை விழித்தான் போலும். பதிமூன்று மாத மகனிடம் இதை மொட்டைமாடியில் செய்து பார்த்தோம். மூன்று வாரத்தில் தூளியைக் கேட்பதை விட்டுவிட்டான்.

இப்போது தம்பி மனைவிக்குத் தை மாதம் பிரசவம். எதை வாங்கலாம் என்று கேட்டாள். ஸ்டாண்டை எப்போதோ பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் போட்டாயிற்று. தொட்டில் கட்டையையும், நையாத இரண்டு நூல் சேலைகளையும் துவைத்து மடித்து எடுத்து வைத்திருக்கிறேன். அவர்கள் வீட்டுக் கூரையில் கொக்கி போடும் அன்று நானே போய் அரிசி மூட்டையைத் தொங்கவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.