சிரிஞ்ச் பம்புகளோடு ஆறு வருடம்

எங்கள் ஐசியூவில் பத்துப் படுக்கை, பதினாறு சிரிஞ்ச் பம்ப், ஷிஃப்டுக்கு ஐந்து சிஸ்டர்கள். சிரிஞ்சில் உள்ள மருந்தை, வைத்த வேகத்தில் மெல்லத் தள்ளி நோயாளியின் நரம்பில் ஏற்றும் கருவிதான் இந்தப் பம்ப். 50 மில்லி சிரிஞ்சைப் போட்டு மணிக்கு 5 மில்லி என்று வைத்தால் பத்து மணி நேரம் ஓடும். கருவியில் குறை சொல்ல முடியாது. ஆனால் முதல் மூன்று வருடம், கெட்டுப்போனால்தான் சர்வீஸ்.

முதலில் பேட்டரி போனது. ஸ்கேனுக்குக் கொண்டுபோக பிளக்கைப் பிடுங்கினால் சில நிமிடத்திலேயே அலாரம். ஓடுவது பிரஷரைத் தாங்கிப் பிடிக்கும் நார்அட்ரினலின் என்றால் எங்களுக்கு உயிரே போய்விடும் போலிருக்கும். மருந்து நின்ற ஓரிரு நிமிடத்தில் பிரஷர் இறங்கத் தொடங்கிவிடும். அதனால் இன்னொரு பம்பையும் தூக்கிக்கொண்டு இரண்டு பேராகப் போவோம். உள்ளே மூன்று பேர், ஒன்பது நோயாளிகள்.

அப்புறம் பொய் அலாரம். சிரிஞ்சைத் தள்ளும் பகுதியில் மருந்து சிந்திக் காய்ந்திருக்கும். லைனில் அடைப்பே இல்லாமல் அடைப்பு என்று கத்தும். அதற்காகப் போய்ப் பார்க்காமல் இருக்க முடியுமா? பம்ப் கிடைக்காத இரவுகளில் சிறு சொட்டாக மருந்து இறங்கும் மைக்ரோ டிரிப் செட் போட்டு, வாட்சைப் பார்த்துச் சொட்டு எண்ணியிருக்கிறேன். 60 சொட்டு ஒரு மில்லி, கணக்கு சுலபம்தான். ஆனால் நோயாளி கையை மடக்கினால் வேகம் மாறிவிடும். அந்தப் படுக்கையை விட்டு நகரவே முடியாது.

எனக்கு அதிகம் வலித்தது வேறொன்று. 4, 9, 11 நல்ல பம்ப் என்று எல்லோருக்கும் தெரியும். அவற்றை அவரவர் படுக்கைப் பக்கம் ஒதுக்கி வைத்துக்கொள்வோம், நானும் வைத்திருக்கிறேன். புது அட்மிஷன் வந்தால் பம்ப் தேடுவதிலேயே நேரம் போகும், எங்களுக்குள் மனக்கசப்பும் வரும்.

நான்காம் வருடம் மருத்துவக் கருவிகளைப் பராமரிக்கும் முழுநேர பயோமெடிக்கல் இன்ஜினியர் வந்தார். பேட்டரிகளை மாற்றினார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருந்து போகும் அளவைச் சரிபார்த்துத் தேதி ஒட்டுகிறார். எங்கள் தவறையும் காட்டினார். சிரிஞ்சின் உள்விட்டம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பம்பில் பிராண்டை மாற்றாமல் விட்டால் போகும் அளவு தப்பிவிடும். சும்மா கிடக்கும் பம்பையும் சார்ஜில் போடுவது, சிந்தியதை உடனே ஈரத்துணியால் துடைப்பது எல்லாம் இப்போது எங்கள் பொறுப்பு. பம்பை ஒளித்து வைக்கும் பழக்கம் யாரும் சொல்லாமலே நின்றுவிட்டது.

மாவட்ட அரசு மருத்துவமனைகளில் கருவிகள் 95 சதவீத நேரம் இயங்க வேண்டும் என்கிறது 2015-இல் வந்த மத்திய அரசின் பராமரிப்புத் திட்டம். எங்களிடம் அப்படி ஒரு கணக்கு இல்லை. அதனால் எந்தப் பம்ப் எத்தனை நாள் முடங்கியது என்று நானே ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். போன மாதம் 7-ஆம் பம்ப் மட்டும், இரண்டு நாள்.