பழைய டேங்க் ஹீட்டருக்குப் பதில்: இன்ஸ்டன்டா, ஹீட் பம்பா?

கோலாலம்பூரில் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் 27, 28 டிகிரியில்தான் வரும். குளிக்க இன்னும் 10 டிகிரி ஏற்றினால் போதும். டேங்க் இல்லாமல், ஓடும் தண்ணீரையே சூடாக்கும் 3.6 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் நிமிடத்துக்கு 5 லிட்டரை அந்த அளவுக்குச் சூடாக்கும். பத்து நிமிடக் குளியலுக்கு 0.6 யூனிட். நாலு பேருக்கு 2.4.

ஹீட் பம்ப் வெளிக்காற்றின் சூட்டை உறிஞ்சி, 1 யூனிட் மின்சாரத்தில் 3 யூனிட்டுக்கும் மேல் சூடு தரும். கேட்கப் பிரமாதம்தான். ஆனால் 150 லிட்டரை 28லிருந்து 55 டிகிரிக்கு ஏற்றக் கிட்டத்தட்ட 1.5 யூனிட் ஆகும்; மிச்சம் ஒரு யூனிட் அளவுதான். டேங்கில் சும்மா கிடக்கும்போது ஆறுவது தனி. விலையும் பல மடங்கு. ஒரே பாத்ரூம் உள்ள கொண்டோவுக்கு வீண். மூன்று பாத்ரூம், சமையலறையிலும் சுடுதண்ணீர் வேண்டும் என்கிற தாமான் (குடியிருப்புப் பகுதி) தரை வீட்டுக்குச் சரி. காற்றோட்டமான இடமும், சொட்டும் தண்ணீர் போக வடிகாலும் வேண்டும். படுக்கையறை ஜன்னலடியில் வைத்தால் இரைச்சல். டேங்குக்குப் பதில் தான் அரிபட உள்ளே வைத்திருக்கும் மெக்னீசியம் கம்பியைக் கவனிக்காமல் விட்டால் டேங்க் அரித்து ஒழுகும்.

இன்ஸ்டன்டில் கோளாறு பெரும்பாலும் வயரிங்கில்தான். கிட்டத்தட்ட 16 ஆம்பியர் இழுக்கும். பழைய சாக்கெட்டிலிருந்து இழுக்காதீர்கள், முனை கருகும். தனி லைன், 20 ஆம்பியர் பிரேக்கர், மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 10 மில்லியாம்ப் ஆர்சிடி கட்டாயம். மாடி உயரத்தில் தண்ணீர் அழுத்தம் குறைந்தால் ஹீட்டர் வேலை செய்யாது, பம்ப் உள்ள மாடலாகப் பாருங்கள்.