ஏபிஎஸ் லைட் எரிந்தால் உடனே சென்சார் மாற்றச் சம்மதிக்காதீர்கள்

போன மாதம் வேலையாகக் கிருஷ்ணகிரி போனபோது, இடது முன் சக்கரத்தில் இரைச்சல் வருகிறதே என்று அங்கேயே ஒரு ஒர்க்‌ஷாப்பில் வீல் பேரிங் மாற்றினேன். தர்மபுரி திரும்பும் வழியில் காவேரிப்பட்டினம் தாண்டுவதற்குள் ஏபிஎஸ் லைட் எரிந்தது. அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுப்பதுதான் ஏபிஎஸ்.

மறுநாள் அதே கிருஷ்ணகிரி ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். 'இடது முன் சக்கர சென்சார், சிக்னல் இல்லை' என்று ஸ்கேனரில் பிழைக் குறியீடு (கோடு) வந்தது. சக்கரம் சுற்றும் வேகத்தை அளக்கும் அந்தச் சென்சாரைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓம்ஸில் (மின்தடை அளவில்) வைத்துக் காட்டினார்கள். ரீடிங் வரவில்லை. "பாருங்க சார், செத்துப்போச்சு" என்றார் மெக்கானிக். கண்ணால் பார்த்ததால் நம்பிவிட்டேன். புதுச் சென்சார் 3,200 ரூபாய். லைட் அணையவில்லை. அப்புறம் "ஏபிஎஸ் மாட்யூலே (ஏபிஎஸ்ஸை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியே) போயிருக்கு, 42,000 ஆகும்" என்றார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தர்மபுரியில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஸ்கேனரை மாட்டி என்னை நேராக ஓட்டச் சொன்னார். லைவ் டேட்டாவில் மூன்று சக்கரங்கள் 30 கி.மீ. காட்ட, இடது முன் சக்கரம் மட்டும் பூஜ்யம். சென்சாருக்கு 12 வோல்ட் சரியாக வந்தது. ஒயரிலும் குறையில்லை. "பேரிங் எப்போ மாத்தினீங்க?" என்று கேட்டார்.

என் வண்டியில் பேரிங்கின் ஒரு பக்க சீலிலேயே காந்த வளையம் இருக்கிறது. வட, தென் துருவங்கள் மாறி மாறி ஓடுவதைத்தான் சென்சார் எண்ணுகிறது. அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து உட்கார வேண்டும். கழற்றிப் பார்த்தால், திருப்பிப் போட்டிருக்கிறார்கள்! வெளிப்பக்க சீலில் குண்டூசி ஒட்டியது. இப்படிப் போட்டாலும் பேரிங் நன்றாகவே சுற்றும், சத்தமும் வராது. அதனால்தான் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பிரஸ் போட்டு எடுத்த பேரிங்கை மறுபடி போட முடியாது, அதற்கும் 2,400 ரூபாய் கொடுத்தேன்.

அந்த ஓம்ஸ் சோதனை பழைய காயில் சென்சாருக்குத்தான் பொருந்தும். அது பெரும்பாலும் ஆயிரம் ஓம்ஸ் அக்கம்பக்கம் காட்டும். இப்போதைய கார்கள் பலவற்றில் இருப்பது கரண்ட் கொடுத்தால் மட்டுமே வேலை செய்யும் ஆக்டிவ் சென்சார். அதை ஓம்ஸில் வைத்தால் நல்ல சென்சாரும் செத்ததுபோலத் தெரியலாம். கோடு சொல்வதும் அந்தச் சக்கரத்தில் இருந்து சிக்னல் இல்லை என்பதைத்தான். ஒயர், கனெக்டர், வளையம், பேரிங் எதுவும் காரணமாக இருக்கலாம். நான்கு சக்கர வேகத்தையும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள். நான் கேட்டபோது குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள்.

பணத்தைவிட எனக்கு ஆறாதது வேறு. "லைட் தானே சார், ஓட்டுங்க" என்று கிருஷ்ணகிரியில் அனுப்பினார்கள். மழையில் இரண்டு முறை தொப்பூர் கணவாய் இறங்கியிருக்கிறேன், முன்னும் பின்னும் லாரிகள். சாதாரண பிரேக் பிடிக்கும், சரி. ஆனால் அழுத்திப் பிடித்துச் சக்கரம் லாக் ஆனால் ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி திரும்பாது. வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போன பயணம் அது.

பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். இரண்டு பில்லையும், எடுத்த பேரிங்கையும் வைத்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான புகாருக்குக் கட்டணம் கிடையாது. திங்கட்கிழமை மனு கொடுக்கிறேன்.