வெற்றிடம் வந்தால் யார் வருவார்?

இலங்கை நாடாளுமன்றத்தில் மட்டக்களப்புக்கு 5 ஆசனம், திகாமடுல்ல எனும் அம்பாறை மாவட்டத்துக்கு 7. இவற்றில் ஒன்று காலியானால் இடைத்தேர்தல் கிடையாது. அதே கட்சிப் பட்டியலில் விருப்பு வாக்கில், அதாவது கட்சிக்கு வாக்களித்தவர்கள் வேட்பாளரைத் தெரிந்து இடும் வாக்கில், அடுத்து நிற்பவர் உள்ளே போவார். நாடு முழுவதும் பெற்ற வாக்குக்கு ஏற்பக் கட்சிகளுக்குப் பகிரப்படும் தேசியப் பட்டியலின் 29 ஆசனங்களோ வேறு கதை. அங்கே காலியானால் கட்சிச் செயலாளர் அனுப்பும் பெயர்தான் எம்பி.

முதலாவதில் சண்டைக்கு இடம் குறைவு, எண்ணிக்கை கையில் இருக்கிறதே. இரண்டாவதில்தான் கட்சிக்குள் குடுமிப்பிடி. ஆனால் 2020இல் அம்பாறையில் தமிழர் ஒருவரும் தெரிவாகாதபோது, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு தன் தேசியப் பட்டியல் ஆசனத்தைத் தவராசா கலையரசனுக்குக் கொடுத்தது. விருப்பு வாக்கு வழியில் அது நடந்திருக்காது. வெற்றிடத்துக்கு எனக்கு முதல் வழிதான் பிடிக்கும். அம்பாறைத் தமிழரிடம் அதைச் சொல்லத்தான் வாய் வராது.