டீப் ரெட்: 127 நிமிடப் பிரதியா, 105 நிமிடப் பிரதியா?

தாரியோ அர்ஜெந்தோ இயக்கி 1975-இல் வெளிவந்த இத்தாலியக் கொலை மர்மப் படம் 'ப்ரொஃபோந்தோ ரோஸ்ஸோ', வெளிநாடுகளில் 'டீப் ரெட்' என்ற பெயரில் ஓடியது. இத்தாலியில் வெளியான முழுப் பிரதி சுமார் 127 நிமிடம். வெளிநாட்டுக்கென்று ஆங்கில டப்பிங்கோடு சுருக்கிய பிரதி சுமார் 105 நிமிடம். எதைப் போடுகிறோம் என்பதைப் பொறுத்துக் கதையின் குணமே மாறிவிடுகிறது.

வெட்டுப்பட்டதில் பெரும்பங்கு மார்க்கும் ஜியானாவும் சேர்ந்து வரும் காட்சிகள். மார்க் ஒரு ஆங்கிலேய பியானோ கலைஞர். ஜியானா பத்திரிகை நிருபர். பெண்கள் மென்மையானவர்கள் என்று மார்க் அடித்துப் பேச, ஜியானா மேசையில் கையை ஊன்றி பஞ்சா பிடிக்கக் கூப்பிட்டுத் தோற்கடிக்கிறாள். தோற்றவர் அதை ஏற்றுக்கொள்ளாமல் ஏமாற்றிவிட்டாள் என்கிறார். துப்பறியும் கதைக்கு இது எதற்கு என்று வெட்டியவர்கள் நினைத்திருக்கலாம். ஆனால் படத்தின் ஆணிவேரே மார்க்கின் தன்னம்பிக்கைதான்: கொலை நடந்த இடத்தில் தான் பார்த்ததைச் சரியாகப் பார்த்தோம் என்று நம்புகிற மனிதர். அந்த நம்பிக்கை எவ்வளவு ஓட்டையானது என்பதை இந்தச் சிரிப்புக் காட்சிகள் முன்கூட்டியே சொல்லிவைக்கின்றன. குறுகிய பிரதியில் ஜியானா வெறும் துணைப் பாத்திரமாகச் சுருங்கிவிடுகிறாள். கொலையாளி யாராகவும் இருக்கலாம் என்கிற கதையில், ஒரு முக்கியப் பாத்திரத்துக்குத் திரையில் நேரம் குறைந்தால் சந்தேக வட்டமும் சுருங்கும். 105 நிமிடப் பிரதி விறுவிறுப்பாகத்தான் ஓடும், மறுக்கவில்லை. முதல்முறை பார்ப்பவருக்கு அது வேண்டாம்.

கையில் இருப்பது எந்தப் பிரதி என்று நிமிடக் கணக்கை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. பழைய ஐரோப்பிய டிவிடிகள் நொடிக்கு 25 பிரேம் வேகத்தில் ஓடுபவை. 24 பிரேமில் எடுத்த படம் அதில் 4 சதவீதம் வேகமாக ஓடும். 127 நிமிடம் சுமார் 122 ஆகும், 105 நிமிடம் 101 ஆகும். பஞ்சா காட்சி இருக்கிறதா என்று பார்ப்பதே நம்பகமான சோதனை.

அடுத்தது மொழி. அன்றைய இத்தாலியப் படங்களில் வசனம் முழுக்கப் பின்னால் பதிந்ததுதான். இத்தாலிய ஒலித்தடமும் டப்பிங்தான். அதனால் 'அசல் குரல்' என்ற வாதம் இங்கே பாதிதான் செல்லும். மார்க்காக நடித்த டேவிட் ஹெம்மிங்ஸின் சொந்தக் குரல் ஆங்கிலத் தடத்தில்தான் இருக்கிறது. ஜியானாவாக வரும் தாரியா நிக்கோலோடியின் துடுக்கான பேச்சோ இத்தாலியத்தில்தான் உயிரோடு இருக்கிறது. முழுப் பிரதிக்கு ஆங்கில ஒலியைத் தேர்ந்தால், ஆங்கில வசனம் இல்லாத காட்சிகளில் பேச்சு திடீரென்று இத்தாலியத்துக்குத் தாவும். ஒரே உரையாடலின் நடுவில்கூட இது நடக்கும். அப்போது அந்த இடங்களுக்கு மட்டும் வரும் தனி சப்டைட்டிலை மெனுவில் இயக்கிவைக்க வேண்டும். இல்லையென்றால் வசனம் புரியாது. முதல் தடவைக்கு முழுக்க இத்தாலிய ஒலி, இரண்டாம் தடவைக்கு ஹெம்மிங்ஸுக்காக ஆங்கிலம்: இதுதான் எங்கள் சிபாரிசு.

சப்டைட்டிலிலும் ஒரு வில்லங்கம் உண்டு. சில பதிப்புகளில் இத்தாலிய வசனத்தை மொழிபெயர்க்காமல், ஆங்கில டப்பிங் வசனத்தையே எழுத்தாக ஓட்டிவிடுவார்கள். நடிகர் நீளமாகப் பேசும்போது கீழே இரண்டே சொல் வந்தாலோ, யாரும் பேசாதபோது வரி ஓடினாலோ அதுதான் காரணம். காது கேளாதோருக்கான ஆங்கிலத் தடத்தை விட்டுவிட்டு, இத்தாலிய ஒலிக்கென்று தந்திருக்கும் தடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

படத்தின் அகலத்தில் மட்டும் எந்தச் சமரசமும் செய்யக்கூடாது. சட்டகம் 2.35:1, அதாவது உயரத்தைப் போல 2.35 மடங்கு அகலம். கொலையுண்ட ஹெல்காவின் வீட்டுக்குள் மார்க் ஓடும்போது, ஓவியங்கள் நிறைந்த நடைவழியைக் கேமரா வேகமாகக் கடக்கிறது. அவர் கண்ணில் பட்டது நம் கண்ணிலும் பட்டுவிடுகிறது, ஒளித்துவைத்து ஏமாற்றவில்லை. டிவியில் ஜூம் போட்டாலோ, பக்கவாட்டை வெட்டிய பழைய டேப் பிரதியில் பார்த்தாலோ அந்த நேர்மையான ஆட்டம் கெட்டுப்போகும். இதைப் படம்பிடித்தது டெக்னிஸ்கோப் முறையில்: பிலிம் ஓரத்துத் துளைகளால் அளந்தால், வழக்கமான நான்கு துளை உயரத்துக்குப் பதில் ஒரு பிரேமுக்கு இரண்டு துளை உயரம் மட்டுமே. பரப்பு சிறியது என்பதால் திரையில் மணல்போல் பொடி தெரியும். அது கோளாறில்லை. டிவியின் நாய்ஸ் ரிடக்‌ஷன் அதைத் துடைக்கப் போய் இருட்டில் இருக்கும் நுணுக்கத்தையும் சேர்த்துத் துடைத்துவிடும், அதை அணைத்துவிடுங்கள். அசைவை வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கும் வேண்டாம். விவிட் மோட் போட்டால் இரத்தச் சிவப்பு ஒரே தீற்றலாகிவிடும், சினிமா மோட் போதும்.

ஒலியில், பல ஒலிபெருக்கிகளுக்குப் பிரித்துத் தரும் 5.1 கலவையைவிட ஒற்றைத் தடமான மோனோ மேல். காப்ளின் குழுவின் இசை இந்தப் படத்தில் மெல்ல ஏறாது. சட்டென்று நுழையும், சட்டென்று அறுந்து நிற்கும். அந்த அறுப்பு ஒரே ஒலிபெருக்கியிலிருந்து வரும்போதுதான் தூக்கிவாரிப் போடுகிறது. டிவியில் இரவுநேர ஒலி அமைப்பு இயங்கினால் பேச்சும் இசையும் ஒரே அளவாகிவிடும். அதை அணைத்துவிட்டு, பேச்சு தெளிவாகக் கேட்கும் அளவுக்கு வால்யூமை வைத்துப் பிறகு தொடாதீர்கள்.