எக்ஸர்சிசம்: போட்ட கணக்கையே திரும்பப் போட வைக்கும் தளம்

கோடிங் பழக நல்ல தளம் எது என்று யார் கேட்டாலும் நான் எக்ஸர்சிசத்தைத்தான் சொல்கிறேன். அடுத்த மாதம் இன்டர்வியூ என்றால் இன்டர்வியூ கேள்விகளைப் பழகும் தளமான லீட்கோடுக்குப் போங்கள், அது வேறு கதை. வேலையில் இருந்துகொண்டே கை துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், கோட் கொஞ்சம் அழகாக வர வேண்டும் என்பவர்களுக்கு இதுதான். ஐந்துக்கு நாலு கொடுப்பேன்.

2013-ல் கத்ரீனா ஓவன் தொடங்கியது. லாப நோக்கில்லாத அமைப்பு, நன்கொடையில் ஓடுகிறது. பைத்தான், ஜாவாவில் இருந்து எலிக்ஸர், ஹாஸ்கெல், கோபால் வரை எழுபதுக்கும் மேற்பட்ட புரோகிராமிங் மொழிகள். பயிற்சிக்கும் காசு இல்லை, நம் கோடைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் மென்டருக்கும் காசு இல்லை. பிரவுசரிலேயே எழுதலாம், ஆனால் அவர்களுடைய கமாண்ட் லைன் டூலைப் போட்டு உங்கள் சொந்த எடிட்டரில் எழுதுவதுதான் நல்லது, தினமும் வேலை செய்கிற இடத்திலேயே கை பழகும்.

கேள்வியோடு டெஸ்டுகளும், அதாவது நம் கோட் சரியான பதில் தருகிறதா என்று தானாகப் பார்க்கும் சோதனைகளும், வந்துவிடும், அத்தனையும் பாஸ் ஆகிற மாதிரி எழுத வேண்டும். பலரும் எல்லா டெஸ்டும் பாஸாகிப் பச்சையானதும் அடுத்த கேள்விக்கு ஓடிவிடுகிறார்கள். அப்படி ஓடினால் இந்தத் தளத்தில் பாதிகூடக் கிடைக்காது, ஏனென்றால் ஒரே கேள்விக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம், ஒவ்வொரு பதிப்பும் வரிசையாக அப்படியே இருக்கும், சரக்கு இருப்பது அங்கேதான்.

உதாரணத்துக்கு, பாப் என்று ஒரு பயிற்சி. எதற்கும் அசராத ஒரு விடலைப் பையன்: கேள்வி கேட்டால் ஒரு பதில், கத்தினால் ஒன்று, கத்திக்கொண்டே கேட்டால் வேறொன்று, பேசாமல் நின்றால் இன்னொன்று, மற்ற எதற்கும் 'என்னமோ போ' என்கிற மாதிரி ஒரு பதில். முதல் தடவை எல்லோரும் 'இப்படியென்றால் இது, இல்லையென்றால் அது' என்று இஃப்-எல்ஸை அடுக்குவார்கள். வாக்கியம் முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருந்தால் அதுதான் கத்தல். அதைக் கண்டுபிடிக்க, வாக்கியத்தைப் பெரிய எழுத்தாக மாற்றி, மாறவில்லை என்றால் கத்தல் என்று எழுதுவார்கள், '1, 2, 3' என்று ஒரு டெஸ்ட் வந்து அதைக் கவிழ்க்கும், எண்ணுக்கு ஏது பெரிய எழுத்து? எழுத்து இருக்கிறதா என்று தனியாக ஒரு செக் சேர்ப்பீர்கள், பாஸ் ஆகும். அதோடு நிறுத்தாமல் மென்டரிடம் காட்டினால், எல்லாமே பெரிய எழுத்தா என்று பார்க்கும் isupper என்கிற மெத்தட் பைத்தானில் ஒரு எழுத்தாவது இருந்தால்தானே ட்ரூ தரும், பிறகு அந்த இரண்டு செக் எதற்கு என்று கேட்பார். அப்புறம் கேள்வியா, கத்தலா, மௌனமா என்பதைத் தனித்தனி பெயராகப் பிரித்து எழுதிப் பார்ப்பீர்கள், கண்டிஷன்களின் வரிசை ஏன் முக்கியம் என்பது அப்போதுதான் கண்ணில் படும். அதே பாபை எலிக்ஸரில் போட்டால் இஃப்பை அடுக்காமல் யோசித்துப் பழகலாம். கேள்வி தெரிந்ததுதான் என்பதால் கவனம் முழுக்க மொழி மேல் இருக்கும்.

மற்றவர்களின் தீர்வுகளையும் பார்க்கலாம். நீங்களே ஒரு தடவையாவது போட்டுவிட்டுப் பாருங்கள்.

2023-ல் மாதம் ஒரு மொழி என்று பன்னிரண்டு மொழிகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி ஒரு சவால் வைத்தார்கள். ஜாலிதான், ஆனால் ஒரு மொழியிலேயே இன்னும் தடுமாறுகிறவருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பேட்ஜ் சேரும், கைப்பழக்கம் சேராது.

குறைகள் இல்லாமல் இல்லை. மென்டர்கள் தன்னார்வலர்கள், ஆள் குறைவான மொழி என்றால் காத்திருக்க வேண்டியதுதான். பயிற்சிகள் சின்னச் சின்னவை, பெரும்பாலும் ஒரு ஃபைல், சில ஃபங்ஷன். வேறு யாரோ எழுதி வைத்த பழைய கோடைப் படித்துப் புரிந்துகொள்வது, டேட்டாபேஸோடு மல்லுக்கட்டுவது போன்ற ஆபீஸ் வேலையெல்லாம் இங்கே வராது. நான் ஒரு நட்சத்திரம் குறைத்தது டெஸ்டுக்காக. எல்லா டெஸ்டையும் அவர்களே எழுதித் தந்துவிடுவதால், எதைச் சோதிக்க வேண்டும் என்று யோசிக்கும் பழக்கம் வருவதே இல்லை. அந்த '1, 2, 3' நமக்கே தோன்றியிருக்க வேண்டாமா? டெஸ்ட் ஃபைலைத் திறக்காமல், கேள்வியை மட்டும் படித்து உங்கள் டெஸ்டை முதலில் எழுதுங்கள், பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்விகள் ஆங்கிலத்தில்தான், பல கேள்விகளில் நீளமான கதை வேறு சுற்றியிருக்கும். தமிழ் வழியில் படித்து வரும் தம்பி தங்கைகளுக்குச் சொல்வதானால் லீப் வருடப் பயிற்சியில் தொடங்கச் சொல்லுங்கள், 1900 லீப் இல்லை, 2000 லீப் என்பதை மட்டும் விளக்கிவிட்டால் போதும், கதை படிக்காமலே போட்டுவிடலாம்.